உறவுமுறை: ஹெல்பர்

புத்தாண்டு அன்று காலை, நெய்வேலியில் சுரங்கம் பார்க்கப் போகிற கேட்டில், செக்யூரிட்டி ஒருவர் என் அப்பாவின் பெயரை உரக்கப் படித்தார். பெயருக்குப் பின்னால் ஒரு வார்த்தையும் சேர்த்துப் படித்தார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன்.

இருங்கள். அதற்கு முன்னால் ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருக்கிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் இதே பக்கத்தில் என் மாமனாரைப் பற்றி எழுதியிருந்தேன். நினைவிருக்கிறதா? நானும் நித்யாவும் ரிஜிஸ்டர் ஆபீஸில் திருமணம் செய்துகொண்ட கதை. வேறு சாதிப் பையன் என்று மூன்று மாதம் மகளோடு பேசாமல் இருந்துவிட்டு, கடைசி நாள் யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து நின்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டாரே — அந்த மனிதர். அங்கிருந்த பேனா எழுதவில்லை என்று தன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்துப் போட்டார் என்று கூட எழுதியிருந்தேன்.

எத்தனை கடிதங்கள்! 'வீட்டுக்கு ஒரு மாமனார் இப்படி இருந்தால் போதும்' என்று திருப்பூரிலிருந்து ஒரு அம்மா. மாமனாருக்கும் மகிழ்ச்சிதான். அந்தப் பக்கத்தை அழகாகக் கத்தரித்து, குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜையின் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். அங்கே போகும்போதெல்லாம் அதன் மேல்தான் எனக்குத் தட்டு வைக்கிறார்கள். நான் எழுதிய பாராட்டின் மேல் சாம்பாரை ஊற்றிச் சாப்பிடுவேன்.

திருத்தம் இதுதான். அந்தக் கட்டுரையில் எழுதியதெல்லாம் உண்மை. ஆனால் கையெழுத்துப் போட்டதோடு கதை முடிந்துவிட்டது என்று நம்பி எழுதினேன் பாருங்கள்... அது தவறு.

மாமனாருக்குப் பூர்வீகம் பொள்ளாச்சிப் பக்கம். இருபத்திரண்டு வயதில் அப்ரண்டிஸாக வந்தவர். இந்தப் பிப்ரவரியோடு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஊருக்கே போகிறார்கள். ஆகவே இது அந்த வீட்டில் கடைசிப் புத்தாண்டு. பொள்ளாச்சியிலிருந்து மாமியாரின் அக்கா, அவர் கணவர், பிள்ளைகள், மருமகள் எல்லோரும் கிறிஸ்துமஸ் லீவிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். நானும் நித்யாவும் சென்னையிலிருந்து போயிருந்தோம். நித்யாவுக்கு ஏழாம் மாதம்.

ஹால் முழுக்கப் பாய். பாத்ரூமுக்கு க்யூ. 'மாப்ள, ஷிஃப்ட் போட்டாத்தான் இங்க குளிக்க முடியும். உங்களுக்கு ஏ ஷிஃப்ட்டா, பி ஷிஃப்ட்டா?' என்று மாமனார் கேட்க, வீடே சிரிக்கும். நானும் சிரித்தேன். அவர் நல்ல பேச்சுக்காரர். அதை மறுக்க மாட்டேன்.

வந்தவர்களில் ஓரிருவர் என்னிடம் கேட்டார்கள்: 'மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்க?' நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சொல்லிவிடுவார்: 'சென்னை.'

சென்னைதான். வேலை சென்னையில்தானே? பொய்யில்லையே?

என் அப்பா அம்மா இருப்பது கம்மாபுரத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் காலனியில். டவுன்ஷிப்பிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. எங்களுக்குத் திருமணமாகி இரண்டு வருடம். இந்த இரண்டு வருடத்தில் அவர்கள் ஒரு தடவை கூட அந்தக் குவார்ட்டர்ஸுக்குள் வந்ததில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 'ஒரு நாள் வரச் சொல்லுங்க மாப்ள' என்று ஒவ்வொரு தடவையும் மாமியார் சொல்வார். அந்த 'ஒரு நாள்' மட்டும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

இந்தத் தடவை வரவழைத்தே தீருவது என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் இருந்தது. தை பிறந்ததும் வளைகாப்பு. எங்கள் வழக்கப்படி பையன் வீட்டில் நடக்க வேண்டும். அதற்குப் பையனைப் பெற்றவள் பெண் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு பழம் வைத்துத் தட்டு நீட்டி, 'சம்பந்தி, வந்து நடத்திக் குடுங்க' என்று அழைக்க வேண்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணத்தில் தட்டு மாற்றுகிற வேலையே இருக்கவில்லை. அம்மாவுக்கு அது ஒரு குறை. இரண்டு வருடமாக வாய்விட்டுச் சொல்லாத குறை.

'மார்கழியில தட்டு வைக்கலாமாடா?' என்று போனில் கேட்டாள்.

'கோயில் பூசாரியைக் கேளும்மா.'

'கேட்டுட்டேன். அழைக்கிறதுல தப்பில்லையாம், விசேஷந்தான் தையில வைக்கணுமாம்.' அனுமதி வாங்கிவிட்டுத்தான் என்னைக் கேட்டிருக்கிறாள்.

புத்தாண்டுக்கு எல்லோரையும் சுரங்கம் பார்க்க அழைத்துப் போவது மாமனாரின் திட்டம். டவுன்ஷிப்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் பாஸ் வாங்கி, மேலே நின்று அந்தப் பெரிய பள்ளத்தைக் காட்டி அனுப்புவார்கள். நான் கேட்டேன்: 'மாமா, எங்க அம்மா மைன்ஸை மேலேருந்து பார்த்ததே இல்ல. பாஸ்ல இன்னும் ரெண்டு பேரைச் சேர்க்க முடியுமா?'

'தாராளமா மாப்ள! பேரு, வயசு அனுப்புங்க.'

அனுப்பினேன். கோவிந்தன் — அப்பா. அஞ்சலை — அம்மா. வாட்ஸ்அப்பில் கட்டை விரல் உயர்ந்தது.

புறப்படுகிற காலையில் மாமியார் சொன்னார்: 'அவங்களை நேரா கேட்டுக்கே வரச் சொல்லிடுங்க மாப்ள. வீட்டுக்கு வந்துட்டு மறுபடி அங்க எதுக்கு அலையணும்? வயசானவங்க, பாவம்.'

அக்கறை. அக்கறை மாதிரியேதான் இருந்தது. நானும் போன் செய்து அப்படியே சொன்னேன்.

நாங்கள் வேனில் போய் இறங்கியபோது இருவரும் ஏற்கெனவே கேட்டுக்கு எதிரில் புளியமர நிழலில் நின்றிருந்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். அம்மா சந்தன நிறப் புடவையில். கையில் ஒயர் கூடை. கூடைக்குள் புது எவர்சில்வர் தட்டு, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு சீப்பு வாழைப்பழம், ஈரத்துணியில் சுற்றிய பூ. வீட்டில் வைக்க வேண்டிய தட்டு. சரி, திரும்பும்போது வீட்டுக்கு அழைத்துப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன்.

மாமனார், மாமியார் இருவரும் கைகூப்பினார்கள். 'வாங்க வாங்க.' மற்றவர்களிடம் 'இவங்கதான்...' என்று மாமனார் ஆரம்பித்தார். அதற்குள் செக்யூரிட்டி பேப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த வாக்கியம் அத்தோடு நின்றது. இன்று வரை முடியவில்லை.

'பேரு படிக்கிறேன், ஒவ்வொருத்தரா இந்தப் பக்கம் வந்துருங்க' என்றார் செக்யூரிட்டி. முப்பது வயதிருக்கும். நல்ல குரல்.

மாமனார் பெயர் — எம்ப்ளாயி. மாமியார் — ஒய்ஃப். நித்யா — டாட்டர். அறிவழகன் — சன்-இன்-லா. நான்தான். நடந்து அந்தப் பக்கம் போனேன். பொள்ளாச்சிக்காரர்கள் ஐந்து பேரும் ரிலேட்டிவ், ரிலேட்டிவ், ரிலேட்டிவ். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டேவிட் அங்கிள் — ஃப்ரெண்டு. அவர் வழியெல்லாம் ப்ளம் கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்.

'கோவிந்தன். அறுபத்தி ரெண்டு. ஹெல்பர்.'

யாரும் நகரவில்லை.

'யாருங்க கோவிந்தன்? ஹெல்பரு!'

அப்பா கையைத் தூக்கினார். காண்ட்ராக்ட் வேலையில் மஸ்டர் ரோலில் வருகைக்குப் பேர் கூப்பிடும்போது தூக்குவாரே, அதே மாதிரி, தோளுக்கு மேல் போகாமல். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப்போடுகிற வேலையில் இருபது வருடம் தூக்கிய கை அது.

செக்யூரிட்டி நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

'அட, மாமா! நீயா? நான் செல்வம். எங்கப்பாகூட பெல்ட்டுல வேலை செஞ்சியே!'

'தெரியுது, தெரியுது. ஒங்கப்பன் நல்லா இருக்கானா?'

'இருக்காரு. நீ வேலைக்கிப் போறத வுட்டுட்டன்னாங்க? இப்ப இவங்க வூட்டுலயா வேல செஞ்சுகினு இருக்க?'

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. பிறகு செல்வத்தைப் பார்த்தார்.

'ஆமாம்பா... ஒத்தாசைக்கி.'

'ஏம் மாமா, பையன் மெட்ராசுல பெரிய வேலன்னியே. இன்னும் நீ ஒழைச்சுகினு கெடக்குற. அவன் கஞ்சி ஊத்தலியா?'

'ஊத்துறான், ஊத்துறான்.'

அந்தப் பையன் நான்கடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். செல்வத்துக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தப் பையனும் கிளாஸைக் கழற்றவில்லை.

'அஞ்சலை. அம்பத்தி ஏழு. ஹெல்பர்.'

அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நெய்வேலியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் ஹெல்பர் என்றால் என்னவென்று தெரியாதவர் யார்?

ஏன் நீ பேசவில்லை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதினோரு பேர் முன்னால் மாமனாருக்கு அவமானமாகிவிடுமே என்று நினைத்தேன். நித்யாவுக்கு ஏழாம் மாதமாயிற்றே என்று நினைத்தேன். ஏதோ தவறுதலாக டைப் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். கோழைக்குத்தான் எத்தனை காரணங்கள் கிடைக்கின்றன, பாருங்கள்!

மறுபடி வேனில் ஏறி மேலே போனோம். பள்ளம் தெரிந்தது. அதைப் பள்ளம் என்று சொல்வதே தவறு. கண் போகிற வரைக்கும் படிப்படியாக வெட்டிய மண். அடியில் கறுப்பு. நடுவே பெரிய சக்கரம் வைத்த மெஷின் சுற்றிச் சுற்றி மண்ணைக் கடித்துக்கொண்டிருந்தது. பொள்ளாச்சிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள். மாமனார் உற்சாகமாகிவிட்டார். எத்தனை அடி ஆழம், எத்தனை பெல்ட், தண்ணீரை எப்படி இறைக்கிறார்கள்...

'நாங்க வந்தப்ப இங்கெல்லாம் ஒண்ணுமே கிடையாது. வெறும் பொட்டக்காடு. எல்லாம் நாங்க வந்து உண்டாக்குனது.'

அம்மா அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்: 'ஏங்க, பெரிய வூட்டு நெலம் எங்க இருந்துச்சு? நான் நடவுக்குப் போவேனே?'

'தோ... அந்த மெசினு நிக்குது பாரு. அதுக்கு மேல.'

'மேலன்னா?'

'மேலதான். ஆகாசத்துல. மண்ணத்தான் எடுத்துட்டானே.'

அம்மா நிமிர்ந்து வெறும் காற்றைப் பார்த்தாள். அவள் வருடக்கணக்காகக் குனிந்து நாற்று நட்ட இடம் அந்தக் காற்றில் எங்கேயோ இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு ஏதாவது ஒன்று கிடைத்தது. நட்டவர்களுக்கு அதில் எந்தப் பேச்சும் கிடையாது. அதைப் பற்றி அம்மா குறைபட்டதே இல்லை. அன்றைக்கும் படவில்லை.

அப்பா சொன்னார்: 'உள்ள இருந்தப்ப கரித் தூசியில கண்ணே தொறக்க முடியாது. மேலேருந்து பாத்தா நல்லாத்தான் இருக்கு.'

அப்போதுதான் அது நடந்தது. மாமியாரின் அக்கா, பொள்ளாச்சிப் பெரியம்மா, என் அம்மாவைக் கூப்பிட்டார்.

'இந்தாம்மா, அந்தப் பிளாஸ்க்க எடுத்து எல்லாருக்கும் சித்த ஊத்திக் குடு. எங்க வூட்டுக்காரருக்குச் சக்கரை இல்லாதது, அந்தச் சின்ன பிளாஸ்க்குல இருக்குது.'

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கேட்டில் படித்ததைக் காதால் கேட்டார். ஹெல்பர் என்றார்கள். ஹெல்பரிடம் வேலை சொன்னார். அவருக்கு வேறு எதையும் யாரும் சொல்லவில்லையே?

அம்மா கூடையைத் தரையில் வைத்தாள். பிளாஸ்க்கைத் திறந்தாள். ஊற்ற ஆரம்பித்தாள். மாமியார் பார்த்தார். எனக்கு நன்றாகத் தெரியும், பார்த்தார். பார்த்துவிட்டுப் பள்ளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார் மெஷினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

நித்யா கால் வீக்கத்துக்காக வேனிலேயே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அவசரமாக இறங்க வந்தாள். அம்மாதான் சத்தம் போட்டாள்: 'நீ ஒக்காரு கண்ணு! எறங்காத. காலு எப்பிடி வீங்கி இருக்குது பாரு.' ஒரு கப்பை எடுத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினாள். நித்யா வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? அம்மா ஊற்ற ஊற்ற, கப்புகளை எடுத்துப் போய் ஒவ்வொருவரிடமும் கொடுத்தேன். பெரிய புரட்சி!

'அட, ஏனுங்க மாப்பிள்ளை, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அவங்க பாத்துக்குவாங்க. நீங்க இப்பிடி வந்து நில்லுங்க' என்றார் பெரியம்மா.

அப்போதுதான் — அப்போதுதான் — வாய் திறந்தது.

'அது எங்க அம்மாங்க.'

பெரியம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த கப்பைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்துவிட்டு, ஓடிப் போய் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

'அய்யோ அம்மிணி! தெரியாமப் போச்சே! சம்பந்தியம்மாவையா டீ ஊத்தச் சொன்னேன்? ஏங்கண்ணு, முன்னாடியே ஒரு வார்த்த சொல்லப்படாதா?'

அன்று மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். தப்பே செய்யாதவர்.

'பரவால்லங்க. டீதான்' என்றாள் அம்மா.

பெரியம்மா கையை விடவில்லை. உண்மையான பிரியத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்டார்: 'உங்களுக்கு எந்த ஊருங்க? எந்தப் பக்கம்? நம்ம...'

'டைம் ஆச்சு, டைம் ஆச்சு. வண்டில ஏறுங்க. பாஸ் பன்னெண்டு மணி வரைக்குந்தான்' என்றார் மாமனார்.

எல்லோரும் ஏறினோம். திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப் வந்தது. 'வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போலாமே?' என்றார் மாமியார். டிரைவர் ஏற்கெனவே வண்டியை ஓரங்கட்டியிருந்தார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

'இன்னொரு நாளைக்கி வரோம்ங்க' என்றாள் அம்மா. காலண்டரில் இல்லாத அந்த நாள்!

நானும் கூடவே இறங்கிவிட்டேன். வேன் போனது. மூவரும் நின்றோம். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

'ஹெல்பர்னு போட்டிருந்தாங்களே... காண்ட்ராக்ட்டா, பெர்மனென்ட்டான்னு கேட்டியாடா? கடைசிக் காலத்துலயாவது பெர்மனென்ட் ஆவறனான்னு பாத்தேன்.'

அவர் மட்டும் சிரித்தார்.

'ஏம்மா, தட்டு வைக்கலியே?' என்றேன். கூடையில் பூ அப்படியே ஈரத்துணியில் இருந்தது.

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. விளக்கம் சொல்வது மாதிரிதான் சொன்னாள்.

'சம்பந்திக்கித்தான்டா தட்டு வெப்பாங்க. அங்க சம்பந்தி யாரு இருந்தாங்க? மொதலாளி வூட்டுக்குத் தட்டு வெக்கிற வழக்கம் நம்மகிட்ட ஏது?'

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு நடந்தே போனேன். மனதுக்குள் மாமனாரிடம் பேச வேண்டியதை எல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். வாசலில் நித்யா தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

'அப்பாவைக் கேக்காத. அந்த பாஸ் ஃபார்மை நான்தான் டைப் பண்ணேன்.'

நான் படியில் உட்கார்ந்தேன்.

'அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு உனக்குத் தெரியும்ல? அவர் சொல்லச் சொல்ல நான்தான் போட்டேன். பாஸ் போடுற ஆபீஸர் அப்பாவோட ஊர்க்காரர். ரிலேட்டிவ்னு ரெண்டு புதுப் பேரைப் பார்த்தா யாரு, எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு உடனே போன் பண்ணுவாராம். ரிட்டயர் ஆவுற நேரத்துல எதுக்கும்மா பேச்சுன்னாரு. ஹெல்பர்னு போடுன்னாரு. வெறும் பேப்பர்தானேன்னு போட்டேன்.'

'பேப்பர்னாலும் எங்க அம்மா அப்பா நித்யா.'

'கேட்டுல சத்தமா படிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. அவங்க ரெண்டு பேரும் படிக்கவா போறாங்கன்னு...'

நிறுத்திக்கொண்டாள். நிறுத்துவதற்குள் சொல்லியாகிவிட்டது.

படிக்கவா போகிறார்கள். உண்மைதான். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். எட்டாவதிலிருந்தே எங்கள் தெருவுக்கு நான்தான் ஃபார்ம் எழுதுகிறவன். முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டு, பேங்க் சலான்... எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. எனக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுப் பெயர்கள் ஏறிய ஒரே ஃபார்ம் இதுதான்.

'ஆபீஸர் கேப்பாருன்னா, ஃப்ரெண்டுன்னு போட்டிருக்கலாமே? டேவிட் அங்கிளுக்குப் போட்ட மாதிரி? ஃப்ரெண்டு எந்த ஊருன்னு யாரு கேக்கப் போறாங்க?'

நித்யா வெகுநேரம் யோசித்தாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அதனால்தான் அவளைக் காதலித்தேன்.

'தோணல' என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு நடந்த எல்லாவற்றையும்விட என்னை வெட்டிப் போட்டது. மறைக்க வேண்டும் என்று நினைத்தார்கள், சரி. மறைக்க இரண்டு வழி இருந்தது. என் அப்பாவை நண்பராகவும் மறைத்திருக்கலாம், வேலைக்காரராகவும் மறைத்திருக்கலாம். அப்பாவுக்கும் மகளுக்கும் — நல்லவர்கள்தான் இருவரும் — கை தானாகப் போனது இரண்டாவதுக்கு. முதலாவது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. ஏனென்றால் ஃபார்மில் பொய் எழுதியவர்கள் பட்டியலில் எனக்கும் இடம் உண்டு. பிளஸ் ஒன் சேரும்போது தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று எழுதினேன். ஒரு சென்ட் நிலம் கிடையாது. அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். 'என்னாடா எழுதின?' என்று கேட்டார். 'கூலின்னுதாம்பா' என்றேன். அவரும் படிக்கவா போகிறார் என்ற தைரியம்தானே? மாமனார் 'சென்னை' என்று சொன்னபோதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவனும் நான்தானே?

ஒரு விஷயம் புரிகிறது. முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவைச் சாத்துவார்கள். அது வெளிப்படையாகத் தெரியும். சண்டை போடலாம். இப்போது கதவு திறந்துதான் இருக்கிறது. 'தாராளமா வாங்க' என்கிறார்கள். எந்தப் பெயரில் உள்ளே போகிறோம் என்பதை மட்டும் அவர்கள் டைப் செய்துகொள்கிறார்கள்.

ஒரு கையெழுத்து போதாது. சாட்சியாக வந்து நிற்பது ஒரு நாள் வேலை. சம்பந்தியாக இருப்பது தினமும் இருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதியதுதான் என் பழைய கட்டுரையின் தவறு.

மறுநாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டோம். கிளம்பும்போது மாமனார் தானே பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார். 'மாப்ள... மனசுல எதையும் வெச்சுக்காதீங்க' என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் பாதி வழி வந்திருக்கும். நித்யா போனை எடுத்து என் அம்மாவைக் கூப்பிட்டாள். 'அத்தை, அந்த லிஸ்ட்டை எழுதுனது நான்தான்' என்றாள். அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நித்யாவிடம் கேட்டதற்கு, 'கால் வீக்கம் எறங்குச்சான்னு கேட்டாங்க' என்றாள். அவ்வளவுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. பந்தல்காரரிடம் சொல்லியாயிற்று. வளையல் வாங்கியாயிற்று. அம்மா தட்டு வைக்கப் போகவில்லை, போகவும் மாட்டாளாம். நித்யா தன் அப்பாவுக்குப் போன் செய்து தேதி சொன்னதற்கு, 'ரிட்டயர்மென்ட் பேப்பர் வேலை நிறைய இருக்கும்மா, பாக்கலாம்' என்று பதில் வந்திருக்கிறது.

மாமனார் இந்தப் பக்கத்தைத் தவறாமல் வாசிப்பவர். ஆகவே அவரிடமே சொல்லி முடிக்கிறேன்.

மாமா, அத்தையையும் பொள்ளாச்சிப் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் வாசலில் யாரும் லிஸ்ட் படிக்க மாட்டார்கள்.